நேர்வழி யாருக்கு? பாலக்காடு, இடுக்கி மலைகளில் தூரமும் நேரமும்

பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்கு விமான தூரம் எவ்வளவு என்று எந்தக் கணினியைக் கேட்டாலும் தயங்காமல் பதில் வரும்: ஏறக்குறைய 110 கி.மீ., மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் எட்டு நிமிடம். கணக்கில் தப்பில்லை. பாலக்காட்டில் விமான நிலையம் கிடையாது. இடுக்கி மாவட்டத்தின் தலைமையிடமான பைனாவில் விமான நிலையத்தோடு ரயில் நிலையமும் கிடையாது, அவ்வளவுதான். பஸ்ஸில் போகிறவர் திருச்சூர், அங்கமாலி, மூவாற்றுப்புழை, தொடுபுழை என்று இறங்கி ஏறி, ஒரு பகலின் பெரும்பகுதியைத் தொலைத்துவிட்டுத்தான் பைனாவில் கால் வைப்பார்.

அந்த எட்டு நிமிடம் எப்படி வந்தது? இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டு, பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்து, அதன் மேற்பரப்பில் இரு புள்ளிகளையும் சேர்க்கும் மிகக் குறுகிய வில்லின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். பள்ளிக்கூட முக்கோணவியல் நினைவிருந்தால் யாரும் போடலாம். இடையில் கடல் கிடந்தாலும் 2,695 மீட்டர் உயர ஆனைமுடி நின்றாலும் விடை மாறாது. கிடைத்த நீளத்தை ஜெட் விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும் வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடுகிறது. இந்த வகுத்தல் விமானத்துக்கே பொருந்தாது. சென்னை, கொச்சி நேர்தூரம் சுமார் 520 கி.மீ.; வகுத்தால் 39 நிமிடம். விமான நிறுவனங்களோ அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல்தான் போடுகின்றன. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகத்தைக் குறைத்து வரிசையில் இறங்குவது, நிறுத்துமிடம் சேர்வது எல்லாம் அதில் அடக்கம். கோவை பீளமேட்டிலிருந்து கொச்சி நெடும்பாசேரிக்கு நேர்கோட்டில் 120 கி.மீ. அந்தத் தூரத்தில் ஒரு பெரிய விமானம் ஏறி முடிக்கும் முன்பே இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

சரி, விமானத்தை விடுவோம். நேர்தூரம் என்ற எண் வேறொரு காரியத்துக்குப் பயன்படுகிறது. சாலைத் தூரத்தை அதனால் வகுத்துப் பார்த்தால், ஒரு நிலப்பகுதி தன் மக்களை எத்தனை மடங்கு சுற்றவைக்கிறது என்று தெரிந்துவிடும். சமவெளியில் இந்த விகிதம் பொதுவாக 1.2 முதல் 1.4 வரை இருக்கும். கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நேர்கோட்டில் 42 கி.மீ., சாலையில் 55 கி.மீ.க்குள்; விகிதம் 1.3. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் திறந்துவிட்ட 30, 40 கி.மீ. அகல வாசல் செய்த உபகாரம் அது. அந்த வாசலில் ரயில் புகுந்து 1862லேயே சென்னையையும் பேப்பூரையும் இணைத்துவிட்டது. தெற்கே அடுத்த ரயில் ஆரியங்காவுக் கணவாயில், செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் போகிறது. இரண்டு கணவாய்களுக்கும் நடுவில் மலையைக் குறுக்கே கடக்கும் தண்டவாளம் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

அந்த இடைவெளியில்தான் நம் கேள்வி கிடக்கிறது. போடியிலிருந்து மூணாறு நேர்கோட்டில் 33 கி.மீ., சாலையில் 67: இரண்டு மடங்கு. பாலக்காட்டிலிருந்து பரம்பிக்குளம் நேர்கோட்டில் 45, சாலையில் ஏறக்குறைய 100. கொடைக்கானலிலிருந்து மூணாறு நேர்கோட்டில் 50. வத்தலக்குண்டு, தேனி, போடி என்று இறங்கி ஏறினால் 160 கி.மீ.க்கு மேல்: மூன்று மடங்கைத் தாண்டுகிறது. வால்பாறைக்கும் மூணாறுக்கும் நேர்தூரம் 29 கி.மீ.தான். தெளிந்த நாளில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலையைப் பார்த்துக்கொள்ளலாம். சாலையில் போகவேண்டுமானால் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஆழியாறுக்கு இறங்கி, உடுமலைப்பேட்டை வந்து, சின்னாறு, மறையூர் வழியாக மறுபடி ஏற வேண்டும். 150 கி.மீ.க்கு மேல். ஐந்து மடங்கு. இதில் வளைவுகளில் தொலையும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. மலைச்சாலையில் மணிக்கு 30 கி.மீ. ஓட்டினால் அதுவே நல்ல வேகம்.

வரைபடத்தை விரித்தால் இன்னொன்றும் தெரியும். பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் தமிழ்நாட்டின் வால்பாறை மலையும் திருச்சூர் மாவட்டத்தின் சோலையாற்றுக் காடும் ஆப்பு அடித்தாற்போல் நுழைந்து நிற்கின்றன. இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவாக இருப்பது தமிழ்நாட்டோடு பகிரும் நீண்ட எல்லையும், அந்த எல்லையோரம் தலைமுறைகளாக வாழும் தமிழர்களும். பாலக்காட்டில் சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது இந்த ஊர்கள் கேரளத்தில் நின்றன. சம்பந்தம், சந்தை, வைத்தியம் மூன்றுக்கும் பாதி உறவு கிழக்கே இருந்தது. ஆகவே இந்தப் பகுதியில் தூரம் என்றால் மலை ஒரு பங்கு, எல்லை ஒரு பங்கு, காடு ஒரு பங்கு.

மாவட்ட அளவு என்பதுகூட இங்கே காகிதத்தில் நகர்கிற சங்கதி. 1972 ஜனவரி 26 அன்று உருவான இடுக்கிதான் கேரளத்தின் மிகப் பெரிய மாவட்டமாக இருந்தது. 1997ல் குட்டம்புழை கிராமம் எர்ணாகுளத்துக்குப் போனதும் பாலக்காடு முதலிடம் பெற்றது. 2023ல் அந்தக் கிராமத்தின் 12,700 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டை இடுக்கியின் இடமலைக்குடியோடு சேர்த்தார்கள். இடுக்கி மறுபடி முதலிடத்துக்கு வந்தது. இத்தனை மாற்றத்திலும் யாருடைய பஸ் நேரமும் ஒரு நிமிடம் குறையவில்லை.

மூடிய பாதைகள்

காலம் போகப் போக தூரம் சுருங்கும் என்று நாம் நம்புகிறோம். இந்த மலைகளின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நூறு வருடம் முன்பு இருந்த சில நேர்வழிகள் இன்று இல்லை.

மூணாறைப் பார்ப்போம். கண்ணன் தேவன் மலைகளில் விளைந்த தேயிலை கடலுக்குப் போகவேண்டும். 1902ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி விட்டார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்தில், மறு சக்கரம் சாலையில் உருள, மாடுகள் இழுத்தன. 1908ல் அது இரண்டடி அகல ரயில்பாதை ஆனது. நீராவி இஞ்சின் வந்தது. டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை இறக்கி, கம்பிவடத்தில் தொங்கவிட்டு, கீழே கொட்டகுடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வண்டிகட்டி போடி. மலையின் விளிம்பிலிருந்து நேராகக் கீழே விட்டதால் அந்தக் கம்பிவடம் சுமார் 5 கி.மீ.தான். இன்று டாப் ஸ்டேஷனிலிருந்து போடிக்கு வண்டியில் வர, மூணாறுக்குத் திரும்பிப் போய், தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு சுற்றி 100 கி.மீ. ஓட்டவேண்டும். நேர்தூரம் 17 கி.மீ.

1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை வாரிக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள். ரயில் திரும்பக் கட்டப்படவில்லை. அதே வெள்ளத்தில் மேற்கே இன்னொரு பாதையும் போனது. ஆலுவாயிலிருந்து கோதமங்கலம், குட்டம்புழை, பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறுக்கு ஏறிய பழைய சாலை அது; ஊர்க்காரர்கள் ராஜபாதை என்கிறார்கள். பிறகு நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதுச்சாலை போட்டார்கள். பெரியாற்றின் குறுக்கே நேரியமங்கலம் பாலம் 1935ல் திறந்தது. மூணாறின் முகம் போடியிலிருந்து கொச்சிக்குத் திரும்பியது அந்தப் பத்தாண்டில்தான். ராஜபாதையைத் திறக்கச் சொல்லும் கோரிக்கை இன்னும் ஓயவில்லை. பாதை கிடக்கும் இடமோ யானைக்காடு.

பரம்பிக்குளத்தின் கதையும் இதே வகை. அன்று அது கொச்சி சமஸ்தானத்தின் காடு. கிழக்கே ஆனைமலைப் பக்கம் பிரிட்டிஷ் சென்னை மாகாணம். பிரிட்டிஷ்காரர்கள் தேக்கு மரங்களை மலைவிளிம்பிலிருந்து சரித்துவிட்ட இடம்தான் டாப் சிலிப். கொச்சி அரசு தன் மரத்தைத் தன் எல்லைக்குள்ளேயே இறக்க வழி தேடியது. சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளத்துக்கு ஏறக்குறைய 80 கி.மீ. டிராம் பாதை 1907ல் ஓடத் தொடங்கியது. செங்குத்தான சரிவுகளில் கீழிறங்கும் பாரவண்டியின் எடையே வெற்றுவண்டியை மேலே இழுக்கும் ஏற்பாடு. அரை நூற்றாண்டுக்கு மேல் மரம் இறக்கிவிட்டு 1963ல் அதை மூடினார்கள். தண்டவாளம் போனதோடு பரம்பிக்குளத்துக்குக் கேரளப் பக்கத்திலிருந்து இருந்த வழியும் போனது. இன்று பாலக்காடு மாவட்டத்தின் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்குப் போக, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப் சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்து மறுபடி கேரளத்துக்குள் புகவேண்டும். இரண்டு வனத்துறைகளின் சோதனைச்சாவடி. பொழுது சாய்ந்துவிட்டால் தடைக்கம்பம் இறங்கிவிடும். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்க வேறு மாநிலம் வழியாகப் போய்வருகிற குடிமக்கள் இந்த நாட்டில் அதிகம் இருக்கமாட்டார்கள்.

மூன்றாவது, கொடைக்கானலிலிருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு போன சாலை. சுமார் 80 கி.மீ. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சென்னையில் இறங்கினால் வெள்ளைக்காரர்கள் கொச்சிக்குத் தப்பியோட இந்த வழியைச் சீர்செய்து வைத்தார்கள் என்பதால் ‘எஸ்கேப் ரோடு’ என்றே பெயர். ஜப்பான்காரன் வரவில்லை. யாரும் தப்பிக்கவும் இல்லை. பின்னாளில் வனத்துறை வழியை மூடியது. கேரளப் பக்கம் அது பாம்பாடும்சோலை தேசியப் பூங்காவைத் தொட்டுச் செல்கிறது. கொடைக்கானலின் கடைக்கோடி ஊரான கிளாவரையிலிருந்து வட்டவடை, கோவிலூர்ப் பக்கம் காட்டுவழியில் சில மணி நேர நடை. சாலை வழியே போனால் 200 கி.மீ.க்கு மேல். இரண்டு பக்கமும் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற தமிழ்க் குடியானவர்கள், கொண்டு கொடுத்தவர்கள்.

தேயிலைக்கு ரயிலும் கம்பிவடமும், மரத்துக்கு டிராம், துரைக்கு எஸ்கேப் ரோடு. அந்தச் சரக்கும் அந்தத் துரையும் போனதும் வழி மூடப்பட்டது. மலைவாசிக்காகத் திறக்கப்பட்ட நேர்வழி என்று ஒன்றைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

தண்ணீரின் வழி

மூடப்படாமல் இன்றும் ஓடுகிற நேர்வழி ஒன்று உண்டு. அதில் தண்ணீர் போகிறது. 1895ல் பென்னி குக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த இரண்டு கி.மீ.க்கும் குறைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்துவிடுகிறது. அரபிக்கடலுக்குப் போக இருந்த ஆறு வைகையில் சேர்கிறது.

வடக்கே பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டம் இன்னும் நுணுக்கமானது. வால்பாறையின் மேல்சோலையாறு நீர் சுரங்கம் வழியாகப் பரம்பிக்குளம் வருகிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்கத்தில் தூணக்கடவு. அங்கிருந்து மலைக்குள்ளேயே சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு இறங்குகிறது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் கேரள மண்ணில். நடத்துவது தமிழ்நாட்டு அரசு. மனிதர் 40 வளைவுகளைச் சுற்றும் இடத்தில் தண்ணீர் மலையின் வயிற்றுக்குள் நேராகப் போய்விடுகிறது. ஆனால் தண்ணீருக்கும் எல்லை உண்டு. 1970ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆழியாற்றிலிருந்து ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு வழியாகச் சித்தூருக்குத் தரவேண்டும். ஆக, கேரளத்துக் காட்டில் பெய்த மழை தமிழ்நாட்டுக்குள் சுற்றிவிட்டு மறுபடி கேரளத்து வயலுக்குப் போகிறது. பரம்பிக்குளத்துக்காரர் முதலமடைக்குப் போகிற அதே சுற்றுதான்.

வழியைக் கேட்காமல் நேராக நடக்கிற இன்னொன்று யானை. சின்னக்கானலில் ரேஷன் அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்து, லாரியில் ஏற்றிப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 27 அன்று அது கம்பம் நகரத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. கேரள வனத்துறை சாலைத் தூரத்தில் கணக்குப் போட்டது, யானை தன் கணக்கில் வந்தது. ஜூன் 5ல் தமிழ்நாடு அதைப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பியது.

முந்தலில் விடியற்காலை

போடியிலிருந்து மூணாறு சாலையில் மலை ஏறத் தொடங்கும் இடம் முந்தல். ஏலக்காய் எடுப்புக் காலத்தில் விடிவதற்கு முன்பே அங்கே ஜீப்புகள் வரிசைகட்டும். பின்னால் எதிரெதிர்ப் பலகையில் முழங்கால் முட்டப் பெண்கள். சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. பலகையில் இடமில்லாதவர்கள் ஏணிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்படியில். போலீஸ் நிறுத்தும் இடத்துக்குச் சற்று முன்னால் இரண்டு பேர் இறங்கி நடந்து, அப்பால் போய் ஏறிக்கொள்வது தினசரி நடக்கிற நாடகம். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுச் சோதனைச்சாவடி தாண்டி, பூப்பாறை, சாந்தாம்பாறை, ராஜகுமாரித் தோட்டங்களில் இறங்குகிறார்கள். பகலெல்லாம் செடியின் அடியில் குனிந்து உட்கார்ந்து காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் அதே வளைவுகளில் இறக்கம். தெற்கே கம்பம், கூடலூர், கோம்பைக்காரர்களுக்குக் கம்பம்மெட்டும் குமுளியும் இதே மாதிரி வாசல்கள்.

போக ஒன்றரை, வர ஒன்றரை என்று வைத்தாலும் மூன்று மணி நேரம் ஜீப்பில் போகிறது. கேரளத்துக் கூலி கூடுதல், அதனால் போகிறார்கள். அந்த மூன்று மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. ஜீப் வாடகை கங்காணி கணக்கில் கழியும் இடங்களும் உண்டு. தூரத்தின் விலையைக் கட்டுவது யார் என்று கேட்டால் விடை இந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது. தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாக உடும்பஞ்சோலைக்குச் சாலை வேண்டும் என்று தேனி மாவட்டத்துக்காரர்கள் பல காலமாகக் கேட்பது இவர்களுக்காகத்தான். மலையடிவாரத்திலிருந்து நேரே மேலே ஏறிவிடலாம். இரு மாநிலத்துத் தேர்தலிலும் வாக்குறுதியாக வந்துபோகிறது.

சுவாரஸ்யம் என்னவென்றால், காய்க்கு இந்தத் தூரம் கரைந்துவிட்டது. இடுக்கியின் புற்றடியிலும் போடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. திரையில் விலை மாறுகிறது. வியாபாரி மலை ஏறவேண்டியதில்லை. காய் எடுக்கிறவர் ஏறித்தான் ஆகவேண்டும்.

ஒரு மணி நேரம் என்றால் என்ன

நேரம் உயிராகிற இடத்துக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள்; நான்கு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. மூணாறிலிருந்து பெட்டிமுடி 30 கி.மீ.க்குள்தான். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்து கிடந்ததால் செய்தி வெளியே வந்தது மறுநாள் காலை. மீட்பு வண்டி போகவேண்டிய வழியில் பெரியவரைப் பாலம் இல்லை: 2018 வெள்ளத்தில் பழுதான பாலத்துக்கு மாற்றாகப் போட்ட தற்காலிகப் பாலத்தை அந்த மழை அடித்துக்கொண்டு போயிருந்தது.

இறந்தவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கயத்தாறிலிருந்து பெட்டிமுடி நேர்கோட்டில் 160 கி.மீ. கொரோனாக் கட்டுப்பாட்டு நாட்கள் அவை; மாநில எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். சொந்தக்காரரின் முகம் பார்க்கப் புறப்பட்டவர்கள் முதலில் சீட்டுக்கு விண்ணப்பிக்கவேண்டியிருந்தது. அந்த வருடம் கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவே இருந்த தூரத்தை எந்தக் கணிப்பானாலும் சொல்லியிருக்க முடியாது.

பெட்டிமுடிக்கும் அப்பால் காட்டுக்குள் இருக்கிறது இடமலைக்குடி, 2010ல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. முதுவர் குடிகள். அங்கிருந்து நோயாளிகளை மூங்கிலில் துணி கட்டி, ஆள் மாற்றி ஆள் தோளில் சுமந்து வந்த செய்தி பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. மலையில் நடை நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ல் சொன்னது: ஐந்து கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். சுமையில்லாமல் நடக்கிற, உடம்பு தேறின ஆளுக்கான கணக்கு அது. பிரசவ வலியில் கிடக்கிற பெண்ணைத் தூக்கிக்கொண்டு, அட்டைக்கடியோடு, மழையில் வழுக்கும் பாறையில் போகிறவர்களுக்கு யாரும் சூத்திரம் எழுதவில்லை. வடக்கத்திக் குடிகளிலிருந்து மூணாறுக்குப் பதிலாக வால்பாறைப் பக்கம் நடந்து இறங்குபவர்களும் உண்டு. கால் தேர்ந்தெடுக்கும் வழி மாநிலம் பார்ப்பதில்லை.

பாலக்காட்டின் வடக்குக் கோடியான அட்டப்பாடியிலும் இதே நியாயம்தான். மேற்கே மண்ணார்க்காட்டுச் சுரம். கிழக்கே ஆனைக்கட்டி வழியாகக் கோவை. முடியாத நோயாளியை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதைத் தூரமும் தீர்மானிக்கிறது, எந்தப் பக்கம் எந்தச் சலுகை அட்டை செல்லும் என்பதும் தீர்மானிக்கிறது.

வானத்தில் வைத்த நம்பிக்கை

தரைவழி இப்படியென்றால் வானவழி? அவ்வப்போது அந்த ஆசை எழுகிறது. வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் தேசிய மாணவர் படைக்காக 650 மீட்டர் ஓடுபாதை போட்டார்கள். முதலில் வந்த சிறுவிமானம் எதிரே இருந்த மேட்டால் இறங்கமுடியாமல் திரும்பியது. 2022 டிசம்பர் 1 அன்று இரண்டு பேர் உட்காரும் விமானம் அங்கே இறங்கியது. இடுக்கி மண்ணைத் தொட்ட முதல் விமானம் என்று ஊரே கொண்டாடியது. பேரிடர் காலத்தில் உதவும் என்றார்கள். ஆனால் மலை சரிகிற மழையில், கண்ணெதிரே பத்தடி தெரியாத மூடுபனியில், அந்த நீளப் பாதையில் யார் இறங்குவார்? உதவி தேவைப்படும் நாளும் விமானம் பறக்கமுடியாத நாளும் இந்த மலையில் பெரும்பாலும் ஒரே நாள்.

2024 நவம்பர் 11 அன்று கொச்சி போல்காட்டியிலிருந்து சோதனை ஓட்டமாகக் கிளம்பிய நீர்விமானம் மூணாறு அருகே மாட்டுப்பட்டி அணையில் வந்து இறங்கியது. நேர்தூரம் 95 கி.மீ., சுமார் அரை மணி நேரம். சாலையில் நான்கு மணி நேரத்துக்கு மேல். மாட்டுப்பட்டி யானைகள் நீர் குடிக்க வருகிற, தேக்கத்தைக் கடக்கிற இடம் என்று வனத்துறை எதிர்ப்பைப் பதிவு செய்தது. வனத்துறை சொல்வதை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். அதைவிட, அந்த விமானத்தில் ஏறப்போவது யார் என்பது என் கேள்வி. சோதனை ஓட்டத்தின்போது பேசப்பட்டதெல்லாம் சுற்றுலா.

அப்படியானால் சாலைகளைத் திறந்துவிடலாமா? எல்லாவற்றையும் அல்ல. வால்பாறைக்கும் மூணாறுக்கும் நேர்ச்சாலை போட்டால் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையும் இரவிகுளத்தையும் கிழித்துக்கொண்டுதான் போகவேண்டும். வரையாட்டின் கடைசிப் பெரிய புகலிடங்களில் ஒன்று அது. எஸ்கேப் ரோட்டைத் திறந்தால் முதல் மாதத்தில் அதில் போவது கிளாவரைக் குடியானவராக இருக்கமாட்டார், சொகுசு கார்களாக இருக்கும். தேவிகுளம் கேப் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. கொச்சி, தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் பாறையை வெட்டினார்கள். 2019, 2020 மழைகளில் வெட்டிய மலை திரும்பத் திரும்பச் சரிந்து விழுந்தது. அகலமான சாலை மூடிக் கிடந்த மாதங்களில், குறுகலான பழைய கிளைச்சாலைகளில் சுற்றித்தான் மூணாறுக்காரர்கள் பிழைத்தார்கள்.

ஆனால் பரம்பிக்குளத்தின் தேக்கடிக் குடியிருப்பிலிருந்து செம்மணாம்பதிக்கு ஒரு ஜீப் போகிற அளவு வழி கேட்பது வேறு விஷயம். (இது குமுளிப் பக்கத்துத் தேக்கடி இல்லை, பெயர் ஒன்றாக இருப்பதால் வெளியூர்ப் பத்திரிகைகள் குழம்புவதுண்டு.) சில கி.மீ. காட்டுவழிதான், கிடைத்தால் தமிழ்நாட்டைச் சுற்றாமல் முதலமடைக்கு இறங்கிவிடலாம். 2020ல், எல்லைகள் அடைபட்ட காலத்தில், பொறுமை இழந்த பழங்குடியினர் தாங்களே மண்வெட்டியும் கடப்பாரையுமாக வழி வெட்டத் தொடங்கினார்கள். வனத்துறை வழக்குப் போட்டது. காட்டில் தலைமுறைகளாக இருக்கிறவர்கள், தங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போக, வாகனக் கட்டுப்பாட்டோடு ஒரு பாதை கேட்பதையும் உல்லாச விடுதிக்குச் சாலை கேட்பதையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. மண்பாதை, உள்ளூர் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் மட்டும் திறக்கிற கம்பம், இரவில் பூட்டு. இதைச் செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது: 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சாலை போன்ற ஊர்த் தேவைகளுக்கு வரையறுத்த அளவில் வனநிலம் ஒதுக்க அனுமதிக்கிறது.

இந்தப் பக்கத்தில் அண்மையில் உண்மையாகவே சுருங்கிய தூரம் ஒன்றே ஒன்று. அதற்குக் காட்டுக்குள் புதுவழி வெட்டவேண்டியிருக்கவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு 1928ல் வந்த மீட்டர்கேஜ் ரயிலை அகலப்பாதையாக மாற்ற 2010 கடைசியில் நிறுத்தினார்கள். வேலை பன்னிரண்டு வருடம் இழுத்தது. 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்பியது. சென்னையிலிருந்து வாரத்தில் சில நாள் நேரடி வண்டியும் வந்தது. ஆலுவாயை விட 40 கி.மீ. குறைவு என்பதால் மூணாறுக்கு இப்போது மிகப் பக்கத்து ரயில் நிலையம் போடிதான். சென்னைக்குப் படிக்கப்போன தோட்டத்துப் பிள்ளைகள் விமானம், கார் என்று யோசிக்காமல் இரவு ஏறிக் காலையில் போடியில் இறங்கி, மெட்டு பஸ் பிடித்து லயத்துக்கு வந்துவிடலாம். திரும்பிப் போகும்போது மட்டும் மழைக்காலமாக இருந்தால், பஸ் ஏறுமுன் கேப் ரோடு திறந்திருக்கிறதா என்று தேவிகுளத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள்.